பசியாறாத பிள்ளைகள்

மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் பசியாறல் என்று பெயர். கோலசிலாங்கூர் மாவட்டத்து ஜெராமிலும் புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டீங்களா?" என்றுதான் பேச்சு தொடங்கும். இருட்டோடு எழுந்து பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு ஓடி, வெறும் கோப்பியை வயிற்றில் ஊற்றிக்கொண்டு பால்மரம் வெட்டி, வெயில் ஏறிய பிறகே சோற்றுச் சட்டியைத் திறந்த மக்களின் வாயில் புழங்கிய சொல் அது. புண் ஆறுவதைப் போலப் பசியும் ஆற வேண்டிய ஒன்றாக அவர்களுக்கு இருந்தது.

கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதமான ஒரு பெண்ணிடம் அவளுடைய பெரியம்மா இதைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். மேசையில் தோசை, சம்பல், முதல்நாள் மீன்கறி. "வேணாம் பெரிம்மா, கேஸ்ட்ரிக்" என்கிறாள். விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. கேஸ்ட்ரிக் என்பது இந்நாட்டில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வாயிலும் வழங்கும் சொல். வயிற்றெரிச்சல், உப்புசம், நேரத்துக்குச் சாப்பிடாததால் வரும் வலி எல்லாம் அதில் அடக்கம். பெரியம்மாவுக்கும் அது உண்டு. அவரிடமே மாத்திரை இருக்கிறது. கொடுத்துவிட்டு, "படிப்பு படிப்புன்னு கெடக்காம காலாகாலத்துல சாப்பிடும்மா" என்கிறார்.

பெரும்பாலும் அது வயிற்றெரிச்சல்தான். சில பிள்ளைகளிடம் மட்டும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வேறொரு நோய் மறைந்துகொண்டிருக்கிறது. உண்ணல் கோளாறு என்று மருத்துவம் அழைக்கும் அந்த நோய் வெள்ளைக்காரர்களுக்கும் பணக்காரர்களுக்கும் நடிகைகளுக்கும் வருவது என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது நம் வீட்டுக்கு வரும்போது மேல்நாட்டுப் புத்தகத்தில் உள்ள முகத்தோடு வருவதில்லை. வயிற்றுக் கோளாறாக, படிப்புச் சுமையாக, விரதமாக, சிக்கனமாக வருகிறது. அதனால்தான் நாம் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிடுகிறோம்.

நோயைப் பற்றிப் பேசுமுன் இந்த வட்டாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெராம் கடலோர ஊர். வார இறுதிகளில் கோலாலம்பூர்க்காரர்கள் மீனும் நண்டும் கிளிஞ்சலும் சாப்பிட இங்கே வண்டியோட்டி வருகிறார்கள். கடலை விட்டு உள்ளே திரும்பினால் செம்பனை. பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் தொடங்கியது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கமுள்ள தென்னமரம் தோட்டத்தில். அந்தப் பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. இன்று அங்கே யுனிசெல் என்னும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. பாட்டி பால் வெட்டிய வட்டாரத்திலேயே பேத்தி பட்டம் படிக்க முடிகிறது. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் தொலைவில்தான் போய்ச் சேர்கிறார்கள். மெட்ரிகுலேஷன் கிடைத்தால் பாந்திங்குக்கோ வேறு மாநிலத்துக்கோ போகிறார்கள். பல்கலைக்கழகம் என்றால் பினாங்கோ, கெடாவோ, கடல் தாண்டிச் சபா, சரவாக்கோ. பதினெட்டு வயதில் முதன்முறையாக வீட்டுச் சோற்றை விட்டுப் போகிறார்கள்.

அந்த வீட்டுச் சோறு லேசானதல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் பெயர் சொல்லும் குடும்பங்கள் தோட்டந்தோறும் உண்டு. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் பாட்டிமார் பதறியதற்குக் காரணம் அதுதான். நம் வீடுகளில் "உன்மேல் எனக்குப் பிரியம்" என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் தட்டைத் தள்ளினால், அவள் தள்ளுவது சோற்றை மட்டுமல்ல என்றுதான் தாய்க்குப் படும். ஆகவே அவள் தள்ளமாட்டாள். வயிற்றின்மேல் பழி போடுவாள்.

மருத்துவம் இந்நோய்க்குப் பெயரிட்டு நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல்லும் பாரிஸ் மருத்துவர் சார்லஸ் லாசேக்கும் 1873இல் தனித்தனியாக இதை விவரித்தார்கள். அனொரெக்ஸியா நெர்வோசா என்பது வில்லியம் கல் வைத்த பெயர். உணவைக் குறைத்துக்கொண்டே போய் உடல் வற்றிய பிறகும் நிறுத்த முடியாத நிலை அது. அளவின்றி உண்பது, பிறகு குற்றவுணர்வில் வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டுவது என்று சுழலும் புலிமியா நெர்வோசாவை ஜெரால்ட் ரஸல் 1979இல் தனி நோயாக இனங்காட்டினார். ஈடுகட்டாமல் அடங்காமல் உண்ணும் கோளாறு 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி இடம் பெற்றது. அனொரெக்ஸியா என்ற சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். அது தவறான பெயர், குறைந்தது தொடக்க காலத்திலாவது. அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்கும். நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பார்கள். பசிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மட்டும் முடியாது.

இது அடம் அல்ல. இரட்டையர் ஆய்வுகள் அனொரெக்ஸியாவில் மரபின் பங்கு பாதிக்கும் மேல் இருக்கலாம் என்கின்றன. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுத் தகவலை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வு, மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 8 இடங்களைக் கண்டது. அவற்றில் மனநலம் மட்டுமின்றி உடலின் வளர்சிதை மாற்றமும் சம்பந்தப்பட்டிருந்தது. ஆனால் அந்த 17,000 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் இரத்தத்தில் யாரும் இன்னும் அந்த அளவுக்குத் தேடிப் பார்க்கவில்லை. மனநோய்களில் ஆளைக் கொல்லும் ஆற்றல் மிகுந்தவற்றுள் இது ஒன்று. உலக ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கு, அனொரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதினரைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்றது. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

மலேசியாவில் இந்நோய் உண்டா என்று முதலில் தேடிப் பார்த்தவர்களில் ஒருவர் நீல் பூரிச். நாட்டின் மனநல மருத்துவர்களிடம் விசாரித்து அவர் 1981இல் எழுதினார். அவர்கள் பார்த்த 60,000க்கு மேற்பட்ட நோயாளிகளில் 30 பேருக்குத்தான் அனொரெக்ஸியா இருந்தது. இந்தப் பக்கம் அந்த நோய் அரிது என்பதற்குச் சான்றாக இந்த எண்ணை நெடுநாள் எடுத்துக் காட்டினார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வேறொன்று தோன்றும். அந்த 30 பேர் மனநல மருத்துவரின் கதவுவரை போய்ச் சேர்ந்தவர்கள். கேஸ்ட்ரிக் மாத்திரையோடு தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. தமிழர்களிடையே இந்நோய் எந்த உருவில் வருகிறது என்று பார்க்கச் சென்னையில் ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. டி.என். ஸ்ரீனிவாசன், டி.ஆர். சுரேஷ், வசந்தா ஜெயராம் ஆகிய மூவரும் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேல்நாட்டு வினாத்தாள்களைக் கொடுத்துப் பார்த்தபோது, மாணவர்களின் தொல்லை அந்த வினாக்களுக்குள் சரியாக அடங்கவில்லை. மேல்நாட்டு நூல் சொல்லும் முழு நோய் அவர்களிடம் இல்லை. அதற்காக எல்லாரும் நலமாகவும் இல்லை. 14.8 விழுக்காட்டினரிடம் உணவையும் உடலையும் சுற்றிய ஒரு துன்பம் இருந்தது. அதற்கு 'உண்ணல் துன்பம்' என்று தனிப் பெயர் கொடுத்து, அதைக் கண்டுபிடிக்க இந்த மண்ணுக்கு ஏற்ற வினாத்தாள் ஒன்றையும் ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். ஏறத்தாழ ஏழில் ஒருவர். அதுவும் கல்லூரிக்குள் வந்துவிட்ட, படிப்பில் கெட்டிக்கார இளைஞர்கள். முப்பது ஆண்டை நெருங்கும் இந்த ஆய்வு தமிழில் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். பேசப்படவில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்னால், 1995இல், கண்டேல்வால், சரண், சக்சேனா என்ற மூன்று மனநல மருத்துவர்கள் இந்தியப் பெண்கள் ஐவரைப் பற்றி எழுதியிருந்தார்கள். உணவை மறுப்பது, ஓயாத வாந்தி, எடை சரிவது, மாதவிடாய் நின்றுபோவது எல்லாம் அவர்களிடம் இருந்தன. ஆனால் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்ற எண்ணம் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கு வந்த 3,274 குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் பதிவேடுகளைப் பார்த்து 2007இல் வெளியான கட்டுரை இன்னும் துலக்கமானது. உண்ணல் கோளாறு என்று இனங்கண்ட 41 பேரில் பெரும்பாலோருக்கு, 85.4 விழுக்காட்டினருக்கு, இருந்தது மனக் காரணத்தால் வரும் வாந்தி. அனொரெக்ஸியா 14.6 விழுக்காடுதான். மனசுக்குள் இருக்கும் கனத்தை நம் பிள்ளைகளின் வயிறு சொல்கிறது.

ஹாங்காங்கிலும் இதே கதை. அங்கே சிங் லீ என்ற மனநல மருத்துவர் தம்மிடம் வந்த எலும்பும் தோலுமான பெண்களை ஏன் சாப்பிடுவதில்லை என்று கேட்டபோது, "வயிறு உப்புசமாக இருக்கிறது", "பசிக்கவில்லை" என்றார்கள் பலர். 1993இல் அவரும் உடனுழைத்தவர்களும் வெளியிட்ட 70 நோயாளிகளின் விவரத்தில் பாதிக்கு மேற்பட்டோரிடம், 58.6 விழுக்காட்டினரிடம், கொழுத்துவிடுவோம் என்ற அச்சமே இல்லை. அச்சம் இல்லையென்றால் நோயும் இல்லை என்று அப்போதைய இலக்கணம் சொல்லியது. 2013 கையேட்டில்தான் இலக்கணம் சற்று இளகியது. அச்சத்தை வாயால் சொல்லாவிட்டாலும், எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தை தொடர்ந்தால் போதும் என்றானது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் நீங்கியது.

ஆகவே பெரியம்மாவின் காதில் விழும் "கேஸ்ட்ரிக்" பொய் என்று நான் சொல்லமாட்டேன். பட்டினி கிடக்கும் வயிறு மெல்லத்தான் இயங்கும். இரண்டு வாய் உண்டாலும் நிறைந்து உப்பிப் போகும். அந்தப் பெண் உணரும் வலி மெய். மாத்திரை கொடுப்பவரின் பரிவும் மெய். எது முதலில் வந்தது என்ற கேள்விதான் கேட்கப்படாமல் போகிறது.

மேல்நாட்டு முகத்தோடும் நோய் இப்போது வரத் தொடங்கிவிட்டது. ஃபிஜியின் நாட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆய்வாளர் ஆன் பெக்கர் அவ்வாண்டு அங்கே பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுத்ததாக ஒருத்தியும் சொல்லவில்லை. 1998இல் 11.3 விழுக்காட்டினர் சொன்னார்கள். பருத்த உடலை நலத்தின் அடையாளமாக மதித்த சமூகம் அது, நம் தோட்டப்புறத்தைப் போலவே. விரேன் சுவாமியும் மார்ட்டின் டோவேயும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் நாட்டுப்புற மலேசியர்கள் நகரத்து மலேசியர்களைவிடச் சதைப்பிடிப்பான பெண்ணுடலை அழகு என்றார்கள். தோட்டத்துக்கும் நகரத்துக்கும் நடுவே அழகின் அளவுகோலே மாறுகிறது. ஜெராமிலிருந்து கிளம்பும் பெண் ஒரு பேருந்துப் பயணத்தில் இந்த அளவுகோலைக் கடக்கிறாள். ஊரில் 'வாட்டசாட்டமா இருக்கா' என்று மெச்சிய உடல் வளாகத்தில் 'கெமோக்' (குண்டு) ஆகிறது. கைப்பேசி முதல்நாளே வந்து இதைச் சொல்லிவிட்டிருக்கும் என்பதும் உண்மைதான்.

ஆண்பிள்ளைகளை விட்டுவிட முடியாது. கோர் கியோக் லின் குழுவினர் கெடாவிலும் பினாங்கிலும் வளரிளம் பருவத்தினர் 2,050 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் மெலிய விரும்பினார்கள். பையன்களில் பலர் பெருக்க விரும்பினார்கள். பெருக்க வேண்டும் என்ற வெறியும் தட்டைக் கெடுக்கும். ஆனால் ஜிம்முக்குப் போகும் பையனை யாரும் கவலையோடு பார்ப்பதில்லை.

இனிக் கல்லூரிக்கு வருவோம். மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தின் கான் வான் யிங்கும் உடனுழைத்தவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் நான்கு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஏறத்தாழ 600 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வுகள், ஒழுங்கு கெட்ட உண்ணலையும் மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தன. மெலிந்திரு என்று குடும்பமும் நண்பர்களும் ஊடகமும் கொடுக்கும் நெருக்கடி நேராகவும் தட்டை எட்டுகிறது, மன உளைச்சல் வழியாகச் சுற்றியும் எட்டுகிறது என்பது அவற்றின் சாரம். 2017 தேசிய உடல்நல ஆய்வின்படி, பள்ளியில் படிக்கும் வளரிளம் பருவத்தினரில் 39.7 விழுக்காட்டினரிடம் பதற்றமும் 18.3 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வும் இருந்தன. அந்தச் சுமையோடுதான் பிள்ளை பெட்டியைக் கட்டுகிறது.

நம் பிள்ளைகளுக்குச் சுமை இரட்டிப்பு. தோட்டத்துக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவள் தனக்காக மட்டும் போவதில்லை. எஸ்.பி.எம். தேர்வில் எத்தனை ஏ என்பது உறவெல்லாம் அறிந்த கணக்கு. தமிழ் நாளிதழில் படம் வந்திருக்கும். கோவிலில் மாலை போட்டிருப்பார்கள். மெட்ரிகுலேஷனில் நான்குக்கு நான்கு எடுக்காவிட்டால் கேட்ட துறை கிடைக்காமல் போகலாம். அவ்வளவு பேரின் ஆசையைத் தூக்கிக்கொண்டு போன பெண், முதல் பருவத் தேர்வில் சறுக்குகிறாள். தாய்மொழி பேசும் தோழி அறையில் இல்லை. எதுவும் அவள் கையில் இல்லை, ஒன்றைத் தவிர. எவ்வளவு உண்பது என்பதை அவளால் ஆள முடிகிறது. அதில் அவள் ஒருபோதும் தோற்பதில்லை. மதிப்பெண்ணில் முழுமை தேடிய அதே மனம் அங்கே போய்க் குடியேறுகிறது. நல்ல மாணவி என்று பேரெடுத்த குணம், சொன்ன சொல் தட்டாமை, தன்னை வருத்திக்கொள்ளும் ஆற்றல், எல்லாம் இந்நோய்க்குத் தீனி.

விடுதி வாழ்க்கை இதற்கு வழிவிடுகிறது. விடுதி அறைகளில் சமைக்கப் பொதுவாக அனுமதி இல்லை. மெகியும் மைலோவும் கொதிநீர்க் கெண்டியில் உருவாகும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் கேண்டீனில் சோறும் ஒரு கீரையும்தான். மாட்டிறைச்சி உண்ணாதவள் ஒவ்வொரு கறியையும் விசாரித்து வாங்க வேண்டும். ரமலான் மாதத்தில் பகலில் பல கடைகள் அடைத்திருக்கும். இவை யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் ஒருவேளை உணவைத் தவிர்க்க விரும்புகிறவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு நியாயமான காரணம் கையில் கிடைக்கிறது. வீட்டில் மூன்று நாளில் கண்டுபிடித்திருக்கக்கூடியதை விடுதியில் மூன்று மாதமானாலும் ஒருவரும் கண்டுபிடிப்பதில்லை. ஏனென்றால் எல்லாரும் அவரவர் அட்டவணையில், அவரவர் தட்டோடு.

கல்லூரிக்குப் போனால் குண்டாகிவிடுவோம் என்ற பயம் வேறு. முதலாண்டில் 15 பவுண்டு ஏறும் என்ற அமெரிக்கக் கட்டுக்கதை நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 22 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் கணக்கிட்டபோது சராசரியாக ஏறியது 1.36 கிலோதான்.

பணத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்நோய் வரும் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருப்பது இந்த இடத்தில்தான். பி.டி.பி.டி.என். கல்விக் கடன் 1997 முதல் எத்தனையோ தோட்டப்புறப் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் பருவம் தொடங்கி அந்தப் பணம் கைக்கு வருமுன் வாரங்கள் ஓடிவிடும். 2016இல் பல்கலைக்கழக மாணவர்கள் பட்டினி கிடக்கும் செய்தி நாடெங்கும் விவாதமானது. 2023 ஜனவரியில் 5 வெள்ளிக்கு ஒருவேளை உணவு என்று ரஹ்மா மெனுவை அரசு கொண்டுவந்ததற்கும் வாழ்க்கைச் செலவு நெருக்கடியே பின்னணி. வீட்டுக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று ஒரு பெண் காலை உணவை விடுகிறாள். அப்போது அது சிக்கனம், பொறுப்பு. அப்பாவிடம் காசு கேட்காத நல்ல பிள்ளை.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1944 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து அதைத் தொடங்கினார். போருக்குப் போக மனசாட்சி ஒப்பாத, உடலும் மனமும் திடமான ஆண்கள். ஆறு மாதம் அரைவயிறு. எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. அவர்களில் ஒருவருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருந்ததில்லை. ஆனாலும் அவர்கள் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், ஒரு கவளத்தை மணிக்கணக்கில் அளைந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. உணவு திரும்பக் கிடைத்தபோது சிலருக்கு எவ்வளவு உண்டும் அடங்கவில்லை. அனொரெக்ஸியாவின் குணங்கள் என்று நாம் நினைக்கும் பலவும் பட்டினியின் குணங்கள். பட்டினி எந்தக் காரணத்தால் தொடங்கியது என்று மூளை பார்ப்பதில்லை. டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோவில் இலவச உணவு வாங்க வந்த 503 பேரிடம் கரோலின் பெக்கர் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதையே வேறு முனையிலிருந்து சொன்னது. வீட்டில் உணவுத் தட்டுப்பாடு கூடக்கூட, அடங்காமல் உண்பதும் ஈடுகட்டுவதும் கூடின. வறுமை இந்நோய்க்கு வேலி அல்ல.

சிக்கனமாகத் தொடங்கிய பட்டினியில் எடை குறைகிறது. ஊருக்கு வந்ததும் யாரோ "என்னா ஸ்லிம்மாயிட்டே!" என்கிறார். அந்த ஒரு பாராட்டு போதும், காரணம் மாறிவிட. கடன் பணம் வந்த பிறகும் காலை உணவு திரும்புவதில்லை.

உறவினர் பேச்சைக் குறை சொல்லுமுன் அவர்களின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவரை நெருங்கும் எண். கால் எடுக்கப்பட்ட தாத்தா, டயாலிசிஸுக்குப் போகும் சித்தப்பா இல்லாத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. இப்படியொரு சமூகத்தில் "உடம்பைக் குறை" என்று சொல்வது அன்பான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கை விளையாடும் வயதுப் பெண்ணின் காதில் வேறாக விழுகிறது. சீனியைக் குறை, நட என்று சொல்லலாம். உடம்பைப் பற்றிய பட்டப்பெயர் வேண்டாம். சிறு வயதிலேயே இன்சுலின் ஊசி போடும் பிள்ளைகள் எடைக்குப் பயந்து ஊசியைத் தவிர்ப்பதும் நடக்கிறது. அது மிக விரைவில் உயிரைக் குடிக்கும். வீட்டில் அப்படிப் பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

விரதத்தையும் தொட்டாக வேண்டும், தயக்கத்தோடு. புக்கிட் ரோத்தானின் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு வெள்ளிக்கிழமை விரதத்தோடு வருபவர்களையும், தைப்பூசத்துக்கு 48 நாள் ஒருவேளை உண்டு காவடி எடுப்பவர்களையும் நான் மதிக்கிறேன். நம் மரபு உணவைத் துறப்பதையும் அறியும், பசியைப் பிணி என்பதையும் அறியும். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்க்கப் போகிறாள். அதே காப்பியத்தில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்னும் அடங்காப் பசி. முனிவர் ஒருவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு எவ்வளவு உண்டும் ஆறாத நோய் அது. உண்ண முடியாமையையும் உண்டு அடங்காமையையும் துன்பமென்று கண்ட மொழிக்கு இந்நோய் முற்றிலும் அன்னியமல்ல. விரதத்தையும் நோயையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. விரதத்துக்கு முடிவு நாள் இருக்கும். அன்று பாரணை இருக்கும், கூடியிருந்து உண்பது இருக்கும். நோயின் விரதத்தில் பாரணை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். வெள்ளியோடு செவ்வாயும் சேரும், பிறகு சனியும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று தாய்மார் கேட்பதுண்டு. எடையை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். புலிமியா உள்ள பிள்ளை பார்வைக்கு நலமாகவே இருப்பாள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போவது, விரல் முட்டியில் தழும்பு, பல் கூசுவது, மாதவிடாய் தவறுவது, வெயிலிலும் குளிர்வது, எழுந்தால் கண் இருட்டுவது, மற்றவருக்கு விதவிதமாகச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருப்பது, விருந்து வரும் நாளில் படிப்பு இருக்கிறது என்பது, இவையெல்லாம் அறிகுறிகள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நாடி மிக மெதுவாக அடிப்பது இருந்தால் காத்திருக்கக் கூடாது. வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் இதயம் தாளம் தப்பும். அதேபோல், நெடுநாள் பட்டினியில் வற்றிய பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்து ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே உலை வைக்கும். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் மருத்துவர்கள் கண்ட பாடம் அது. அந்த நிலையில் சோறு மருத்துவரின் கண்காணிப்பில்தான் திரும்ப வேண்டும்.

ஜெராமில் அரசு கிளினிக் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணம். அங்கே போய்க் கேஸ்ட்ரிக் என்று மட்டும் சொல்லித் திரும்பினால் மாத்திரைதான் கிடைக்கும். "நாலு மாசமா சரியா சாப்பிடறதில்ல, எடை கொறஞ்சிட்டு வருது, மனசும் சரியில்ல" என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் மருத்துவர் வேறு கேள்வி கேட்பார், மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. மனநல உதவி கேட்பது பதிவேட்டில் கறையாகிவிடும், கடனும் வேலையும் போய்விடும் என்று அஞ்சிக் குடும்பங்கள் மறைக்கின்றன. மறைத்த மாதங்களில் நோய் வேர் பிடிக்கிறது.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் ஜெரால்ட் ரஸலும் உடனுழைத்தவர்களும் 1987இல் வெளியிட்ட சோதனையில், பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரிக்காமல், உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 19 வயதுக்குமுன் நோய் தொடங்கி மூன்றாண்டு தாண்டாதவர்களிடம் அது தனிச் சிகிச்சையைவிட நன்கு வேலை செய்தது. இன்று உலகெங்கும் வளரிளம் பருவத்தினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் முறை அதன் வழிவந்ததுதான். சிகிச்சையாளர் வழிகாட்ட, தாயும் தகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், கெஞ்சாமல், எழுந்து போகாமல், ஒவ்வொரு வேளையும் உண்ண வைப்பது. பழி சொல்லும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஒரு பருவம் படிப்பை ஒத்திவைக்க நேரலாம். பல்கலைக்கழகங்களில் மருத்துவக் காரணத்துக்காக அப்படி ஒத்திவைக்க வழி உண்டு. பிள்ளையின் உயிரைவிட அந்த ஒரு பருவமும் ஊர்ப் பேச்சும் பெரிதல்ல. கூட உட்கார்ந்து உண்ண வைப்பது நம் பாட்டிமாருக்குப் புதிதா?

விடுதியில் இருக்கும் பிள்ளைக்குத் தினமும் தொலைபேசியில் பேசும் அம்மாக்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "பசியாறிட்டியா?" என்ற கேள்விக்கு "ஆச்சும்மா" என்று சொல்லிவிட முடியும். அதை விட்டுவிட்டு, "இன்னிக்கு யாரோட உக்காந்து சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்கள். அவள் பெயர் ஒன்றைச் சொல்கிறாளா, பேச்சை மாற்றுகிறாளா என்று காது கொடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து பெயர் வரவில்லையென்றால், அந்தச் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போங்கள். பையில் சோறும் மீன்கறியும் இருக்கட்டும், தட்டு இரண்டாக இருக்கட்டும்.